சித்தி லைலா பின்னிய சட்டைகள்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனையைத் துவைத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, எந்த நாட்டுப் புண்ணியவான்களோ மூட்டை மூட்டையாகக் கம்பளிச் சட்டை அனுப்பியிருந்தார்கள். கூரைகளைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது. தென்னைகள் வேரோடு படுத்துக் கிடந்தன. ஊருக்கு வேண்டியிருந்தது ஓடும் தென்னோலைக் கிடுகும். வந்து சேர்ந்ததோ பனி கொட்டுகிற தேசத்தில் போடுகிற சுவெட்டர். பள்ளிவாசல் முற்றத்தில் சனத்தை வரிசையாக நிறுத்திக் கொடுத்தார்கள். சும்மா கிடைப்பதை வேண்டாமென்று சொல்லும் பழக்கம் யாருக்கும் இல்லாததால் எல்லாரும் வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் இதை வைத்து என்ன செய்வதென்று யோசித்தார்கள். சிலர் தலையணைக்குள் திணித்தார்கள். ஒருவர் ஆட்டுக்குப் போட்டுவிட்டார். அது மானம் போனதுபோல நாள் முழுக்க வேலியோரமாகவே நின்றது. மீன் விற்கிற சீனிமுகம்மது, பெண்பிள்ளைகளின் சட்டை என்று தெரியாமல், மார்பில் பூ வைத்த ஒன்றை மாட்டிக்கொண்டு கல்முனைச் சந்தைக்குப் போனார். வேர்த்து ஊற்றியதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். சந்தை சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

சித்தி லைலா மட்டும் அந்தச் சட்டைகளைச் சட்டையாகப் பார்க்கவில்லை. நூலாகப் பார்த்தாள்.

அவள் நெசவுக்காரர் வீட்டுப் பெண். தறிச் சத்தத்தில் பிறந்து, ராட்டை சுற்றி வளர்ந்தவள். தரையில் ஒரு சாண் நூல் கிடந்தாலும் குனிந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டுதான் அடுத்த வேலை பார்ப்பாள். தனக்குக் கிடைத்த சுவெட்டரின் கை ஓரத்தில் ஒரு முனை தட்டுப்பட்டது. இழுத்தாள். சட்டை வரிவரியாக அவிழ்ந்து மடியில் விழுந்தது. கம்பளி பின்னுவது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. ஊரிலும் யாருக்கும் தெரியாது. அதனால் அடுத்த சட்டையை மெதுவாக அவிழ்த்தாள். ஒரு கண்ணி மற்றக் கண்ணிக்குள்ளிருந்து எப்படிக் கழன்று வருகிறது என்று கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவிழ்ந்த வழியிலேயே திரும்பிப் போனால் பின்னல் வந்துவிடும் என்று பிடிபட்டது. பழைய சைக்கிள் கம்பிகளை அம்மியில் தேய்த்து ஊசியாக்கினாள்.

வந்த நூல் அவளுக்குப் பிடிக்கவில்லை. தடித்த நூல். ஆண்கள் இடுப்பில் உடுத்துகிற சாரனின் மெல்லிய நூல் பழகிய கைக்கு அது மாடு கட்டுகிற கயிறு மாதிரி இருந்தது. முறுக்கைப் பிரித்தால் உள்ளே மெல்லிய புரிகள் இருப்பதைக் கண்டாள். ஒவ்வொரு புரியாகப் பிரித்து, ராட்டையில் போட்டு, மறுபடி இறுக்கி முறுக்கி நூற்றாள். பக்கத்து வீட்டுச் சல்மா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, சும்மா வந்த சட்டையை அவிழ்த்துச் சும்மா ஒரு வேலை செய்கிறாய் என்று சொன்னாள். ஊரில் நடப்பதெல்லாம் சல்மா உம்மாவின் வேலிக்கு மேலால்தான் நடந்தது. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் சித்தி லைலாவுக்குப் பைத்தியம் என்ற செய்தி கடற்கரை வரை போய்விட்டது.

கடற்கரையில் அதைக் கேட்டு முதலில் சிரித்தவன் அவளுடைய புருஷன் அச்சிமுகம்மதுதான். நெசவுக்காரர் பெண்ணுக்கு மீன்காரன் எதற்கு என்று அவளுடைய ஆட்கள் கலியாணத்தின்போது மூக்கைச் சுளித்தவர்கள். சுளித்த மூக்கோடேயே அவன் கொண்டுவந்த மீனையும் தின்றவர்கள். ஊர் வழக்கப்படி அவன் பெண் வீட்டுக்குக் குடிவந்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைகள் போடவேண்டிய சத்தத்தையெல்லாம் அவனே போட்டுக்கொண்டிருந்தான். வாடைக்காலம் வந்தால் மட்டும் அந்தச் சத்தம் மாறிவிடும். வெற்று உடம்போடு கடலில் நனைந்து, காற்றில் விறைத்து, விடிய வந்து பாயில் விழுந்தால் நெஞ்சு கிழிய இருமுவான். டாக்குத்தர் மருந்து கொடுத்துவிட்டு, குளிரில் நனையவேண்டாம் என்றாராம். கடலுக்குப் போகிறவனிடம் நனையாதே என்று சொன்ன அந்தக் கதையை அவன் தோணியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான். சித்தி லைலா சிரிக்கவில்லை. அவளுடைய ராட்டை சுற்றியது அந்த இருமலுக்காகத்தான்.

முதல் சட்டையைப் பெரிதாகப் பின்னினாள். ஒவ்வொரு வரியும் வேறு வேறு நிறம். போட்டால் கோமாளி மாதிரி இருக்கும் என்று சாயம் போட நினைத்தாள். நெசவுக்காரர் பருத்தி நூலுக்குச் சாயம் போடுவது எப்படியோ அப்படியே, பெரிய பானையில் கருநீலச் சாயத்தைக் கரைத்து, சட்டையைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினாள். பருத்தி அதைத் தாங்கும். கம்பளி தாங்காது, சுருங்கும் என்பது அவளுக்குத் தெரியாது. எடுத்துப் பார்த்தபோது சட்டை பாதியாகிக் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் மாதிரி இறுகியிருந்தது. அவள் கவலைப்படவில்லை. தண்ணீரைத் தெளித்துப் பார்த்தாள். முத்து முத்தாக உருண்டு விழுந்தது. அடுத்ததை இன்னும் பெரிதாகப் பின்னிக் காய்ச்சினாள். பட்டன் இல்லை, முன்பக்கம் திறப்பு இல்லை. சாரனைச் சுற்றிவர மூட்டுவதுபோல உடம்பைச் சுற்றி ஒரே குழாய். கழுத்தை மிகவும் ஒடுக்கி விட்டிருந்தாள்.

அவன் போட்டுப் பார்த்தபோது தலை பாதியில் நின்றுவிட்டது.

"என்னகா இது," என்றான் உள்ளேயிருந்து. "என்ட தலையை அளந்தா பின்னின, இல்லாட்டி தேங்காயை அளந்தா?"

"காது ரெண்டையும் மடிச்சிக்கிட்டுத் தலையை விடுங்க. கழுத்தால தண்ணி இறங்கப்படாது."

"ஏறினாத்தானே இறங்கிற."

ஏறியது. அந்த வாடையில் அவன் இருமவில்லை. விடிய வந்து பாயில் விழுந்து, சாதாரண மனிசன் மாதிரிக் குறட்டை விட்டான். சித்தி லைலா அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு விழித்தே கிடந்தாள். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

தோணியில் இருந்த மற்றவர்களுக்குப் போதுமாயிருக்கவில்லை. முதலில் வந்தவன் அவனுடைய தம்பி ஜவுபர். கலியாணம் ஆகாதவன், காக்கா காக்கா என்று தமையனின் பின்னால் திரிந்து, அவன் என்ன உடுத்தாலும் அதையே உடுத்துகிறவன். பிறகு தோணியை நடத்துகிற தண்டயல் முகைதீன்பாவா தன் மனைவியை அனுப்பிக் கேட்டார். பிறகு துடுப்புக்காரர்கள். ஊரில் தலையணைக்குள் கிடந்த சுவெட்டர்களெல்லாம் வெளியே வந்தன. ஆட்டினுடையதும் வந்தது. சித்தி லைலா பிரித்தாள், நூற்றாள், பின்னினாள், காய்ச்சினாள். அடுத்த வாடைக்கு அந்தத் தோணி முழுக்கக் கருநீலமாக இருந்தது.

சட்டையைத் தனியே கழற்ற முடியாது. கரைக்கு வந்ததும் ஒருவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பான். இன்னொருவன் விளிம்பைப் பிடித்துத் தலைக்கு மேலால் உரிப்பான். நனைந்தால் இன்னும் பிடிக்கும். சிலவேளை இரண்டு பேர் இழுக்கவேண்டும். மீன் வாங்க வந்த பெண்கள், முயல் உரிக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சித்தி லைலாவும் முக்காட்டுக்குள் சிரித்திருக்கிறாள். இறுக்கமாகப் பின்னியிருக்கிறோம் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாடையின் நடுவில் ஒருநாள் விடியற்காலை, கரைக்கு வந்துவிட்ட தோணியைக் கடைசி அலை புரட்டிப் போட்டது. கரையில் நிற்பவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய தூரம். இது புதிய விஷயம் இல்லை. தோணி புரண்டால் அந்தக் கரை ஆட்கள் முதலில் செய்வது சாரனை அவிழ்த்து விடுவது. கால் விடுதலையானால் நீந்தி வந்துவிடலாம். கரையில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். யாராவது ஒரு சாரனைத் தூக்கி எறிவார்கள். பிறகு ஒரு கிழமைக்கு அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றும் எல்லாரும் சாரனை விட்டார்கள். சட்டையை விட முடியவில்லை. அது கடலை மணிக்கணக்காகக் குடித்துக் கல்லாகக் கனத்தது. மற்றவர்கள் புரண்ட தோணியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். அச்சிமுகம்மது நல்ல நீச்சல்காரன். மிதந்து போன துடுப்பை எடுக்கப் பிடியை விட்டான்.

பிறகு அவனைக் காணவில்லை. வாடை நீரோட்டம் தெற்கே கொண்டுபோய், மறுநாள் சாய்ந்தமருதுக் கரையில் போட்டது.

வண்டியில் கொண்டுவந்து வளவில் இறக்கினார்கள். குளிப்பாட்டுகிறவர்கள் வருவதற்கு முன்னால் சித்தி லைலா பார்த்துவிட்டாள். சட்டை வயிற்றிலிருந்து மேலே உள்புறம் வெளியாகச் சுருண்டு, அவனுடைய முகத்தை மூடியிருந்தது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே அதற்குள் சிக்கிக் கிடந்தன. முயல் உரிக்கப் பாதியில் விட்டதுபோல. அலை உருட்டியதில் அப்படி ஆகியிருக்கிறது என்று தண்டயல் முகைதீன்பாவா மெதுவாகச் சொன்னார். சித்தி லைலா அவனுடைய கைகளைப் பார்த்தாள். அலைக்கு விரல் இல்லை. அவனுடைய விரல்கள் சட்டை விளிம்பைப் பிடித்தபடி விறைத்திருந்தன. இழுத்துவிட ஒருவரும் இல்லாத இடத்தில் அவன் தனியாக உரிக்கப் பார்த்திருக்கிறான். கத்தியால் கிழித்துத்தான் எடுத்தார்கள்.

கடலில் மௌத்தானவன் ஷஹீது, அல்லாஹ்வின் பாதையில் உயிர் கொடுத்தவனுக்குச் சமம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனுடைய தாய் சபியா உம்மா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள். என் மகன் ஷஹீதாகப் போனான், கேள்வி கணக்கில்லாமல் போனான். சொல்லச் சொல்ல அவளுடைய முகத்தில் இரத்தம் கொஞ்சம் திரும்பி வந்தது.

ஜனாஸா அடக்கி வந்த அன்றே சித்தி லைலா இத்தாவில் இருந்தாள். வெள்ளைச் சேலை. நாலு மாதம் பத்து நாள். வாசலைத் தாண்டக்கூடாது, அந்நிய ஆணின் முகத்தில் விழிக்கக்கூடாது. புருஷன் போன பெண்ணுக்கு அழுவதற்கு விட்ட காலம் அது. அவளுக்கு அழ நேரம் இருக்கவில்லை. வாடை முடிய இன்னும் கிடக்கிறது. அவன் விட்ட துடுப்பை வேறொருவன் பிடித்து, தோணி மறுபடி போகத் தொடங்கிவிட்டது. அவள் பின்னிய சட்டைகள் எல்லாம் கடலில் இருந்தன. அவள் நாலு சுவருக்குள் இருந்தாள். அந்தத் தோணி இன்னொரு தடவை புரளும் என்பது நிச்சயம். என்றைக்கு என்பதுதான் தெரியாது. ஒவ்வொரு விடியலும் கரைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு இருந்தாள்.

முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். தண்டயலின் மனைவியைக் கூப்பிட்டு, அந்தச் சட்டைகளை வாங்கித் தாருங்கள், முன்பக்கத்தை வெட்டிப் பட்டன் வைத்துத் தருகிறேன் என்றாள். அவள் போய்ச் சொன்னாள். முகைதீன்பாவா நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்லுகிற பதிலையே சொல்லி அனுப்பினார். அல்லாஹ்வின் ஏற்பாட்டைச் சட்டையின்மேல் போடக்கூடாது, லைலா பிள்ளைக்கு மனம் கலங்கியிருக்கிறது, இத்தா முடியட்டும், ஆறுதலாகப் பார்க்கலாம். இத்தா முடியும்போது வாடையும் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு சட்டையைத் தந்தாலென்ன, தராவிட்டாலென்ன. துடுப்புக்காரர்களின் மனைவிமாரிடம் கெஞ்சினாள். அவர்கள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டை போட்ட பிறகுதான் இவருக்கு இளைப்பு இல்லை என்று சொன்னார்கள்.

கடைசியாக ஜவுபரைக் கூப்பிட்டாள். அவன் கிடுகு மறைப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். கிடுகின் இடைவெளியில் கருநீலம் தெரிந்தது. கடலிலிருந்து வந்தவன் கழற்றாமலே வந்திருக்கிறான்.

"தம்பி, அந்தச் சட்டையப் போடாத. காக்காவ அதுதான் கொண்டுபோன."

"காக்காவக் கொண்டுபோன அஜல், மதினி. அவர்ர நேரம் வந்திச்சி."

"கையைத் தூக்கின மாதிரியே கிடந்தாரே. நீ பாக்கல்லியா?"

"பாத்தன்," என்றான். பிறகு, "காக்காட சட்டையக் கிழிச்சி எறிஞ்சிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரிப் போட்ட. இப்ப இது ஒண்டுதான் என்னட்ட இரிக்கி. இதையும் நான் கழட்டணுமா?"

முன்பக்கத்தை மட்டும் வெட்டித் தருகிறேன் என்றாள். காற்று உள்ளே போகும் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். தமையனில் அவன் வைத்திருந்த பாசம் கருநீல நிறத்தில் அவனுடைய கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் உண்மை இவ்வளவு சின்னச் சாமான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படியே இருந்தபோதுதான் பிரஷ் விஷயம் ஞாபகம் வந்தது. சூறாவளிக்கு முன்னால் ஒரு நோன்புக் காலத்தில் பள்ளிவாசலுக்கு வெள்ளையடித்தார்கள். அடித்து முடித்த பிறகு, அந்தப் பிரஷ் பன்றி மயிரில் செய்தது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மையா பொய்யா என்று பார்க்க ஒருவரும் நிற்கவில்லை. பன்றி தொட்ட இடத்தை ஏழு தரம் கழுவவேண்டும், ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். ஊரே ஏணி வைத்து ஏறிச் சுவரையும் முகட்டையும் ஏழு தரம் கழுவியது. வெள்ளை முழுக்கக் கரைந்து ஓடிய பிறகுதான் எல்லாரும் இறங்கினார்கள். பழைய சுவரை விடப் பழசாக நின்றது சுவர். மரணத்துக்குப் பயப்படாத ஊர் அது. மரணம் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. நஜீஸ் என்கிற அசுத்தத்துக்குப் பயப்படும், அது தன் கையில் இருக்கிறது.

பொய் சொல்வது பாவம். இத்தாவில் இருந்துகொண்டு பொய் சொல்வது எவ்வளவு பெரிய பாவமென்று அவளுக்குத் தெரியாது. அதனால் மத்தியான லுஹர் தொழுத கையோடு இன்னும் இரண்டு ரக்அத் தொழுது, செய்யப்போகிற பாவத்துக்கு முன்கூட்டியே தவ்பா கேட்டுவிட்டு, சல்மா உம்மாவைக் கூப்பிட்டாள்.

சல்மா உம்மா வந்து உட்கார்ந்தாள். சித்தி லைலா மிச்சமிருந்த கம்பளி நூலில் ஒரு துண்டை எடுத்து அடுப்பில் போட்டாள். அது சுருண்டு கருகியது. மயிர் எரிகிற மணம் அறையெல்லாம் நிறைந்தது.

"என்னகா இந்த நாத்தம்?"

"அதுதான் எனக்கும் யோசனை, ராத்தா. எல்லாத்தையும் எரிச்சிருவம் என்டு போட்டன். ஒரு நூலில மட்டும் இந்த நாத்தம். வெள்ளக்காரன் ஆட்டு மயிரோட பண்டி மயிரையும் கலந்து நூக்கிறானாம். இவர் உசிரோட இரிக்கக்க, கொழும்பால வந்த ஒராள் சொன்ன என்டு ஒருநாள் சொன்ன, நான்தான் கணக்கெடுக்கல்ல." குரல் நடுங்கியது, நடிக்கத் தேவை இருக்கவில்லை. "ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க."

பன்றி மயிர் எரிந்தால் எப்படி நாறும் என்று மருதமுனையில் ஒருவருக்கும் தெரியாது. ஆட்டு மயிரும் அப்படித்தான் நாறும் என்று யோசிக்கிற நிலையில் சல்மா உம்மா இல்லை. அவள் எழுந்தபோது செருப்பைக்கூட மாட்டவில்லை. கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அஸர் பாங்குக்கு முன்னால் சட்டைகள் கழன்றுவிட்டன. எவ்வளவு கெஞ்சியும் வராத சட்டைகள், ஒருவரையொருவர் உரித்து உரித்து மணலில் விழுந்தன. தண்டயலும் துடுப்புக்காரர்களும் கடலோரத்தில் வரிசையாகக் குந்தியிருந்து சேற்று மண்ணை அள்ளி உடம்பில் பூசித் தேய்த்தார்கள், கழுவினார்கள், மறுபடி கழுவினார்கள். எத்தனையாவது தரம் என்று ஒருவனுக்கு மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினான். சட்டைகளைக் கம்பால் தூக்கிக் கொண்டுபோய்ச் சவுக்கு மரங்களுக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தார்கள். மௌலவியைப் போய்க் கேட்டார்கள். கம்பளி என்றால் ஆட்டு மயிர்தான், ஆனாலும் சந்தேகம் வந்த பொருளை விட்டுவிடுவது நல்லது, தெரியாமல் தொழுத தொழுகைக்குக் குற்றமில்லை என்றார் அவர். அவர் சொன்னதில் முதல் பாதி ஒருவருடைய காதிலும் விழவில்லை.

சித்தி லைலா வீட்டுக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் அறிந்தாள். தண்டயலின் மனைவி வேலிக்கு அப்பால் நின்று, எங்கள் ஆம்பிளைகளை இந்தக் கோலமாக்கிவிட்டாயே என்று சொல்லிவிட்டுப் போனாள். முன்பு கையைப் பிடித்து அழுதவர்களில் ஒருத்தி, அந்தக் கையைக் கிணற்றடியில் மண் போட்டுத் தேய்த்தாளாம். சித்தி லைலாவும் தன் சட்டி பானைகளை முற்றத்தில் போட்டு ஏழு தரம் கழுவினாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். பொய் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளே மண் போட்டுத் தேய்த்தால்தான் மற்றவர்கள் நம்புவார்கள். சாயப் பானையைத் தேய்க்கும்போது, இதில் ஏழு தரமென்ன எழுபது தரம் கழுவினாலும் போகாதது ஒன்று இருக்கிறது என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். மேலே நினைத்தால் கை நின்றுவிடும்.

மறுநாள் காலை சபியா உம்மா வந்தாள்.

அவள் வந்து பாயில் உட்கார்ந்த விதத்திலேயே என்ன கேட்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. கிடுகு மறைப்புக்கு அந்தப் பக்கம் ஜவுபர் நின்றான். தாயைக் கூட்டிக்கொண்டு வந்தவன். அவனுடைய நிழல் கிடுகில் விழுந்திருந்தது. வெற்று உடம்பின் நிழல். சித்தி லைலா இதையெல்லாம் கணக்குப் பண்ணியிருந்தாள்: ஊர் ஏசும், தோணிக்காரர் ஏசுவார்கள், தன் கைச் சோற்றை யாரும் தின்னமாட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் அவள் நினைக்கவில்லை. மௌத்தானவனையும் அந்தப் பொய் தொடும் என்று நினைக்கவில்லை.

"லைலா," என்றாள் சபியா உம்மா. "ஊர் என்னத்தையும் கதைக்கட்டும். நீ சொல்லு. என்ட புள்ள அந்த நஜீஸோடயா ரூஹு போன?"

சித்தி லைலா தரையைப் பார்த்தாள்.

"குளிப்பாட்டக்க மூணு தண்ணிதானே வாத்த அவனுக்கு. ஏழு வாக்கல்லியே. மண்ணுப் போடல்லியே. அப்பிடியேதானே கபன் துணியில சுத்தி அடக்கின." மூச்சு எடுத்தாள். "நீ இல்லெண்டு ஒரு சொல்லுச் சொல்லு புள்ள. ஊரு முழுக்க ஓம் என்டாலும் நீ இல்லெண்டா நான் நம்புவன்."

ஒரு சொல். இல்லை மாமி, அது வெறும் ஆட்டு மயிர், உங்கள் மகன் சுத்தமாகத்தான் போனார். இவ்வளவும் நாக்கில் வந்து நின்றது. இந்தத் தாய்க்கு மிச்சமிருந்தது ஷஹீது என்ற அந்த ஒரு சொல்தான். அதைத் தான் நேற்று அடுப்பில் போட்டு எரித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இல்லை என்று சொன்னால் அது திரும்பி வந்துவிடும். திரும்பி வந்த அதே நேரத்தில், கிடுகுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் போய்க் குழியைத் தோண்டுவான். மண்ணைத் தட்டுவான். தமையன் போட்ட மாதிரிச் சட்டை. தாயே சுத்தம் என்று சொன்ன சட்டை. காதை மடித்துக்கொண்டு தலையை விடுவான்.

வெளியே நிழல் அசையாமல் நின்றது.

"ஓம் மாமி," என்றாள் சித்தி லைலா. "தெரியாமச் செஞ்சிட்டன்."

சபியா உம்மா சபிக்கவில்லை. சபித்திருந்தால் சித்தி லைலா தாங்கியிருப்பாள். பாயில் பட்டுக் கிடந்த சேலைத் தலைப்பை மெல்ல இழுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, எதிலும் படாமல் எழுந்தாள். அவள் வாசலைத் தாண்டிய பிறகுதான் ஜவுபர் கதைத்தான்.

"என்ட காக்காக்கு நீங்க உசிரோட கபன் உடுத்திட்டீங்க."

அவள் இவ்வளவு நாளும் அவனுக்குச் சொல்ல முயன்றது அதைத்தான்.

நஜீஸைப் பின்னியவள் என்ற பேர் அவளை விட்டுப் போகவேயில்லை. இத்தா முடிந்த பிறகு தறிக்காரர்கள் நூல் சுற்றக் கொடுத்தார்கள். நூலை யாரும் தின்பதில்லை. கலியாண வீட்டில் அவளைச் சமையல் பக்கம் விடமாட்டார்கள். கந்தூரி விருந்துக்கு அவள் அனுப்பிய அரிசி வேலியோரத்தில் அப்படியே திரும்பி வந்து நிற்கும். எண்பத்தைந்தாம் ஆண்டு இனச் சண்டையில் ஊரே ஓடி வந்து பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படுத்த நாட்களில்கூட, அவளுடைய பாய்க்கும் அடுத்த பாய்க்கும் நடுவில் ஒரு கை இடம் விட்டிருந்தார்கள். சபியா உம்மா அவளோடு கதைக்காமலே மௌத்தானாள். மகனை அடக்கிய கபுறடிக்கு அவள் போய் மண் கலந்த தண்ணீர் ஊற்றி வந்தாள் என்று சொல்வார்கள். எத்தனை தரம் ஊற்றினாள் என்று சித்தி லைலா கேட்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த வாடையிலேயே, அவள் இன்னும் வெள்ளைச் சேலையோடு உள்ளே இருந்தபோதே, ஒருநாள் விடிய கரைப் பக்கம் கூக்குரல் கேட்டது. தோணி புரண்டுவிட்டது. சித்தி லைலா வாசல்வரை வந்தாள். அதற்கப்பால் போகக்கூடாது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் நிலைப்படியில் ஏறியது. சல்மா உம்மா கரையிலிருந்து வருவது தெரிந்தது. இப்போதெல்லாம் அவள் வளவுக்குள் வருவதில்லை. வேலிக்கு வெளியே நின்று கதைப்பாள். கதைக்காமல் இருக்க அவளால் முடியாது.

"எல்லாருமா?" என்று கேட்டாள் சித்தி லைலா.

"என்ன எல்லாருமா?"

"வந்திட்டாங்களா?"

"ஓம், வந்த வந்த. ஒருத்தண்ட உடம்பிலயும் ஒட்டுத் துணி இல்ல. பொண்டுகள் எல்லாம் காட்டுப் பக்கம் திரும்பி நிண்டம். உன்ட கொழுந்தன்தான் கடைசியா வந்த. நல்ல தூரத்துக்குப் போயிட்டான். ஆள் நீலமாப் போயிட்டான் குளிர்ல. பல்லு கிடுகிடுன்டு அடிக்கி, கையால தாடையப் புடிச்சிக்கிட்டுக் குந்தியிரிக்கான். நல்ல சட்டை ஒண்டு இரிந்தாலாவது. அதையும் நீதான்..." மிச்சத்தைச் சொல்லாமல் போய்விட்டாள்.

சித்தி லைலா நிலைப்படியிலிருந்து கையை எடுத்தாள். விரல்கள் விறைத்திருந்தன. உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். கொத்தமல்லியை வறுத்து, இஞ்சியைத் தட்டிப் போட்டு, நன்றாகக் கொதிக்க விட்டாள். குளிரில் வந்தவனுக்குச் சூடாகக் கொடுக்கவேண்டும். வடித்துக் கோப்பையில் ஊற்றி, சீனி போட்டு ஆற்றினாள். ஆற்றிக்கொண்டிருக்கும்போதுதான் இதைக் கொண்டுபோக ஆள் இல்லை என்பதும், கொண்டுபோனாலும் வாங்குகிற கை இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

கோப்பை சூடாக இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அதை அவளே குடித்தாள்.